தாலி கட்டும்போது ஃப்ளாஷ் வேண்டாம்

மாதேசு,

இங்கே எனக்குக் குறையொன்றும் இல்லை, கேமராவுக்கும் இல்லை. பெங்களூர் குளிரில் நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதியதைப் படித்தேன். காரிமங்கலத்தில் சத்திரம் பேசியாகிவிட்டது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். முகூர்த்தம் விடிவதற்கு முன்னால் என்று எழுதியிருந்தாய், அதுவும் சந்தோஷம். அதற்குக் கீழே, "சித்தப்பா, என் கல்யாணத்தில் நீங்கள் கேமராவைத் தொடக்கூடாது. ஊரார் கல்யாணத்திலெல்லாம் கால் கடுக்க நின்றது போதும். முன்வரிசையில் ராஜா மாதிரி உட்காருங்கள். படத்துக்குப் பெங்களூர் ஆளைப் பேசிவிட்டேன். எல்லாம் கலர். ரெண்டு ஃப்ளாஷ் வைத்து, வெளிச்சம் பரவ அதற்குக் குடையெல்லாம் விரித்து எடுப்பான்" என்று எழுதியிருந்தாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் படத்துக்குப் பிரேம் போடுகிற காதர் பாயிடமும் பெருமையாகப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடி அறுத்துக்கொண்டே கேட்டார்.

"என்னண்ணே, பையன் உங்களுக்கு பென்சன் குடுத்துட்டாப்லயா?"

"பென்சன் இல்ல பாய், புரமோசன். கேமராமேன்ல இருந்து ராஜா."

"அது சரி. ராஜாவுக்கு அங்க என்ன வேலைங்க?"

அவர் சும்மாதான் கேட்டார். கேட்டுவிட்டு அடுத்த கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டார். எனக்குத்தான் பதில் வரவில்லை. நான் பதில் இல்லாமல் நின்றதைத் தருமபுரி ஊர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தது. அந்தப் பதிலைத் தேடிக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நீளமாகப் போகும் போலிருக்கிறது. உன் பெண்வீட்டாரும் படிக்கட்டும், எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

கல்யாணம் ஆகப்போகிற பையனுக்குப் பெரியவர்கள் புத்தி சொல்லி எழுதுவது வழக்கம். அந்த வேலையை உன் அப்பா பார்த்துக்கொள்வார். என் அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை, வத்தல்மலையில் நாலு மாட்டை வைத்துக்கொண்டு நாற்பது மாடு இருப்பதுபோல் அதிகாரம் பண்ணுகிற மனிதர், புத்தி சொல்ல அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நீ பிறந்தது அவருக்கு. படிப்புக்காக மலையை விட்டு இறங்கி வந்து வளர்ந்தது எங்களிடம். எனக்குத் தெரிந்த புத்தியெல்லாம் வெளிச்சமும் ஃபிலிமும்தான். எட்டாம் கிளாஸ் பாதியில் நின்றவன் என்றாலும் அந்த இரண்டில் சேலம் ஜில்லாவையும் சேர்த்துக்கொண்டு பார்த்தாலும் எனக்கு மேல் ஆள் கிடையாது. ஃபிலிம் விற்க வருகிற ஏஜெண்டு என் ஸ்டூடியோ பெஞ்சில் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு போனான். ஸ்டேஷன் கோடியில் நின்று, ஓடுகிற பெங்களூர் ரயிலை எடுத்து, என்ஜின் டிரைவரின் மீசை மயிரை எண்ணுகிற மாதிரி பிரிண்ட் போட்டவன் நான். அந்தப் படம் எங்கே என்று கேட்காதே, பெரிய ஆபீசர் ஒருவர் மேஜைக்குப் போய்விட்டது. இதை நான் சொல்லும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து உன் சித்தி குரல் கொடுப்பாளே, ஞாபகம் இருக்கிறதா?

"மாதேசு, உங்க சித்தப்பா சொல்றதுல பாதியக் கழிச்சுக்க. மிச்சம் இருக்கறதுலயும் பாதியக் கழிச்சுக்க."

"அப்புறம் என்னடி மிஞ்சும்?"

"மீசைதாங்க."

இப்போது கழிக்க ஆள் இல்லை. நான் சொல்வது முழுசாக அப்படியே வீட்டுக்குள் நிற்கிறது. எனக்கே அதைத் தாண்டிப் போய்ப் படுக்கச் சங்கடமாக இருக்கிறது. போன வாரம் ஒரு ஆளுக்கு மட்டும் களி கிண்டிப் பார்த்தேன். சட்டியைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லையென்றால் அது துடுப்போடு சேர்ந்தே சுற்றுகிறது, உனக்குத் தெரியுமா? நான் அதை விடவில்லை, அதுவும் என்னை விடவில்லை, கடைசியில் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு ஓட்டலுக்குப் போவது என்று முடிவானது. சட்டி வரவில்லை, நான் மட்டும் போனேன்.

சரி, ஃபிலிமுக்கு வருகிறேன். உன் பெங்களூர் ஆள் என்ன போடுவான் என்று பார்க்காமலே சொல்வேன். நூறு போடுவான். டப்பாவில் முன்னெல்லாம் ஏ.எஸ்.ஏ. நூறு என்று இருக்கும், இப்போது வருகிற டப்பாவில் ஐ.எஸ்.ஓ. என்று போடுகிறார்கள், பெயர்தான் மாறியது, எண் அதே எண். எண் ஏற ஏற ஃபிலிமுக்குக் கொஞ்ச வெளிச்சமே போதும். நூறு எண் ஃபிலிம் கேட்கிற வெளிச்சத்தில் கால் பங்கு கிடைத்தாலே நானூறு எண் ஃபிலிம் படம் கொடுத்துவிடும். ஆனால் எண் ஏறினால் படத்தில் புள்ளி விழும். ஏன் விழுகிறது என்று நம் ஊரில் கேமரா வைத்திருக்கிற யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். நாம் முன்னே இருந்த ஓட்டு வீடு ஒழுகியதே, அப்போது நீ டம்ளர்களையெல்லாம் எடுத்து வந்து இடைவெளி இல்லாமல் தரையில் அடுக்குவாய். சித்தி உன்னைத் தள்ளிவிட்டு அண்டாவையும் குண்டானையும் வைப்பாள். கொட்டுகிற மழையில் எல்லாமே நிறைந்துவிடும், வித்தியாசம் தெரியாது. தூறலில்தான் சங்கதி தெரியும். உன் டம்ளர்கள் பாதி காய்ந்தே கிடக்கும், அண்டாவில் மட்டும் அடி நனைந்திருக்கும், அதற்கு வாய் அகலம். ஃபிலிமில் பூசியிருக்கிற வெள்ளிப் பொடியும் அப்படித்தான். நூறில் பொடி டம்ளர் மாதிரி நுணுக்கம். நானூறில் அண்டா மாதிரிப் பெரிசு. தூறல் போல வருகிற வெளிச்சத்தையும் அது ஏந்திக்கொள்ளும். ஆனால் பிரிண்டைப் பெரிதாக்கினால் அண்டாவெல்லாம் தனித்தனியாகக் கண்ணில் படும். வழவழவென்று இருக்க வேண்டிய கன்னத்தில் ராகி மாவு தூவியது போல இருக்கும். அதனால்தான் கல்யாணத்துக்கு வருகிற ஆட்கள் நூறைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்துக்கு ஃப்ளாஷை அடிக்கிறார்கள். தப்பில்லை. நானும் அப்படித்தான் எடுத்தேன். ஆனால் ஃப்ளாஷ் வெளிச்சம் மேடையைத் தாண்டிப் போகாது. மாப்பிள்ளை, பெண், ஐயர், ஓமக் குண்டம், எல்லாம் பளிச்சென்று விழும். அதற்குப் பின்னால் நிற்கிறவர்கள் கருப்பு. அந்தப் படத்தைப் பார்த்தால், அந்த நாலு பேரும் ஏதோ காட்டுக்குள் போய்க் கல்யாணம் செய்துகொண்டது மாதிரி இருக்கும்.

உன் அக்கா கல்யாணம் வத்தல்மலையில் வீட்டு முன்னால் பந்தல் போட்டு விடிவதற்கு முன்னால் நடந்ததே, அப்போது நீ பந்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு திரிந்தாய், உனக்கு முழுக்கதை தெரியாது. உன் அம்மாவின் தம்பிக்கும் உன் அப்பாவுக்கும் வேலித் தகராறில் பேச்சு நின்றுபோயிருந்தது. தாய்மாமன் இல்லாமல் நடக்கிற கல்யாணம் என்று மலையே பேசியது. உன் அம்மா கேட்கிறவர்களுக்கெல்லாம் "வருவான், வந்துட்டு இருக்கறான்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் தாலி கட்டும்போது எதுவும் சொல்லாமல் நின்றாள். அன்றைக்கு நான் நானூறு போட்டு, ஃப்ளாஷ் அடிக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். கலைக்காக ஃப்ளாஷை அணைத்தேன் என்று இத்தனை நாளும் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். பாட்டரி தீர்ந்துபோனது, அவ்வளவுதான். கைவசம் இருந்த நானூறு ரோல் ஒன்று காப்பாற்றியது. காதர் பாய்க்கு இது தெரிய வேண்டாம்.

பிரிண்ட் போட்டு மலைக்கு எடுத்துக்கொண்டு போனேன். உன் அப்பா படத்தைக் கையில் வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏண்டா, எம்மவ மூஞ்சியில அம்மை போட்டாப்ல இருக்குது? இதுக்குத்தான் டவுன்ல ஸ்டூடியோ வெச்சிருக்கறயா?"

"அது புள்ளிண்ணா. வெளிச்சம் கம்மியா இருந்தா அப்புடித்தான் விழும்."

"வெளிச்சம் கம்மியா இருந்தா நீ எடுக்காம இருந்திருக்கலாமில்ல."

உன் அம்மா அவர் கையிலிருந்து படத்தைப் பிடுங்கினாள். "மவ மூஞ்சிய நாந்தான் தெனமும் பாத்தனே. இங்க பாருங்க, இந்தக் கம்பத்துக்குப் பின்னால. யாருன்னு தெரியுதா?" பந்தல் கால் ஓரத்தில், இருட்டுக்குள், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு உருவம். முகம் முழுக்க மணல் கொட்டியது மாதிரிப் புள்ளி. ஆனாலும் கூடப் பிறந்தவளுக்குத் தம்பி நிற்கிற நிலை தெரியாதா? அன்றைக்கு அவன் வந்ததை யாருமே பார்க்கவில்லை. வந்து நின்று, தாலி ஏறியதும் போயிருக்கிறான். உன் அப்பா படத்தைத் திரும்ப வாங்கிக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம், "சோறு தின்னுட்டுப் போனானா?" என்று கேட்டார். "நீங்கதான் பந்தியில நின்னீங்க, உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள் உன் அம்மா. மறுநாள் காலையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மச்சான் வீட்டுக்கு நடந்தார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். இதில் என் திறமை எவ்வளவு, பாட்டரியின் திறமை எவ்வளவு என்று நீயே கழித்துக்கொள்.

இப்போது முன்வரிசை நாற்காலியைப் பற்றிச் சொல்லவேண்டும். நீ ஆசையாகத்தான் எழுதினாய், எனக்குத் தெரியும். ஆனால் நீ கல்யாண வீட்டைச் சாப்பிடுகிற பக்கத்திலிருந்தே பார்த்தவன், நான் மேடைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். மாப்பிள்ளையைப் பெற்றவர்களுக்கு மேடையில் மணை உண்டு, அங்கே உன் அப்பாவும் அம்மாவும் உட்காருவார்கள், அதுதான் முறை. மற்றவர்கள் சோடியாக வந்து அட்சதை போட்டு, பாலும் பழமும் கொடுத்து, சோடியாகத் தள்ளி நிற்பார்கள். சித்தப்பனும் சித்தியும் என்றால் அதற்கு ஒரு இடம் உண்டு. சித்தப்பன் மட்டும் என்றால் அதற்கு இடம் வைக்கவில்லை. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. உன் சித்தி போன பிறகு முதல் கல்யாணத்துக்குப் போனபோது கேமராவை ரிப்பேருக்குக் கொடுத்திருந்தேன். சட்டை இஸ்திரி போட்டு, முன்வரிசையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தேன். தட்டில் அட்சதையை வைத்துக்கொண்டு நம் உறவில் ஒரு அக்கா வந்தார். "தம்பி, கோவிச்சுக்காதீங்க. சோடி சோடியா மேடைக்குப் போறாங்க. நீங்க அந்தத் தூண்கிட்ட நின்னுக்குங்க, இல்லாட்டி இடிச்சுப்போடுவாங்க" என்றார். "ஆவட்டுங்க அக்கா" என்றேன். அவரே அப்புறம் எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார், நல்ல மனுசி. தூண்கிட்ட நின்றேன். மாதேசு, அன்றைக்குத்தான் எனக்கு இரண்டு கை இருப்பதே தெரிந்தது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கட்டிக்கொண்டால் கோபமாக நிற்பது மாதிரி இருக்கிறது, தொங்கவிட்டால் பிச்சைக்கு நிற்பது மாதிரி இருக்கிறது.

அடுத்த கல்யாணத்துக்குக் கேமராவோடு போனேன். அதே அக்கா என் கையைப் பிடித்து, "தம்பி, இங்க வாங்க, இங்கிருந்து நல்லாத் தெரியும்" என்று மேடைக்கே ஏற்றிவிட்டார். மாலைக்கும் தாலிக்கும் நடுவில், ஐயரைக்கூட இடித்துக்கொண்டு நிற்கலாம், ஒருவரும் விலகச் சொல்ல மாட்டார்கள். கேமராக்காரனுக்குப் பெண்டாட்டி இருக்கிறாளா என்று எந்தக் கல்யாணத்திலும் யாரும் பார்ப்பதில்லை. அதற்குப் பிறகு நான் கேமரா இல்லாமல் கல்யாணத்துக்குப் போகவில்லை. வேறு ஆளைப் பேசியிருக்கிற கல்யாணத்துக்கும் கொண்டுபோனேன். அங்கே எதற்கு ரோல் வீணாக்குவது என்று, ரோல் போடாமலே. ஃபிலிமைச் சுற்றுகிற லீவரை இழுத்துப் பொத்தானை அழுத்துவேன், கிளிக் சத்தம் கேட்கும், குழந்தைகள் சிரிக்கும், எனக்கு அது போதும். காதர் பாய் ஒருநாள், "அண்ணே, அந்தப் படமெல்லாம் பிரேமுக்கு வரவேயில்லீங்களே" என்றார். "கழுவலை பாய், நேரமில்ல" என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. கேட்காதவர்களுக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்கும்.

உன்னிடம் அது நடக்காது. உன் கல்யாணத்துக்கும் வெறும் கேமராவோடு வந்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் யோசித்தேன். ரோல் உள்ளே இருந்தால் லீவரை இழுக்கும்போது மறுபக்கத்துத் திருகு சேர்ந்து சுற்றும், ரோல் இல்லாவிட்டால் சும்மா நிற்கும். பெங்களூர் ஆளை விட்டால், சத்திரத்தில் இருக்கிற அத்தனை பேரில் அந்தத் திருகைப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் என் ஸ்டூடியோவில் வளர்ந்த நீ. மணமேடையில் உட்கார்ந்துகொண்டு நீ அதைப் பார்த்துவிட்டால் என்ன ஆகும்? பெங்களூர் ஆளை நிறுத்து, நானே எடுக்கிறேன் என்று எழுதவும் இரண்டு தடவை ஆரம்பித்தேன். நீ நிறுத்திவிடுவாய், அதுதான் பயம். என் மனசு நோகக்கூடாது என்று நிறுத்துவாய். அப்புறம் அத்தனை பேர் நடுவில் சித்தப்பாவை வேலை வாங்கிவிட்டோமே என்று உன் மனசு நோகும். ஒரு கல்யாணத்துக்குள் அத்தனை நோவு எதற்கு? அவன் வரட்டும். கலரில் எடுக்கட்டும். குடையை விரிக்கட்டும். உன் பெண்டாட்டி முகம் வழவழவென்று விழட்டும், அந்தப் பெண் ஆசைப்பட்டிருக்கும்.

எனக்கு ஒரே ஒரு காரியம் மட்டும் செய். நான் கையை வீசிக்கொண்டு வருகிறேன். முகூர்த்தம் வரைக்கும் முன்வரிசையில் உட்காருகிறேன், நீ சொன்னதற்காக. அட்சதைத் தட்டு வருகிற நேரத்தில், யாரும் வந்து சொல்வதற்கு முன்னால், நானே எழுந்து பின்னால் போய்விடுவேன். சத்திரத்துத் தூண்களுக்கு அந்தப் பக்கம் ட்யூப்லைட் எட்டாது, அது எனக்குத் தெரியும், அங்கே நிறையக் கல்யாணம் எடுத்திருக்கிறேன். அதனால் தாலி கட்டுகிற அந்த நேரத்துக்கு மட்டும் ஃப்ளாஷை அணைக்கச் சொல். நானூறு கருப்பு வெள்ளை ரோல் ஒன்று போட்டு இன்னொரு கேமராவைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொல். ட்யூப்லைட்டில் கலர் எடுத்தால் எல்லோரும் பச்சையாக விழுவார்கள், அதனால் கருப்பு வெள்ளை. ரோல் இல்லை என்றால் நான் கொண்டுவந்து தருகிறேன். லென்சை முழுசாகத் திறந்துவிட்டு, முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டு, மூச்சை நிறுத்தி அழுத்த வேண்டும். அவன் உன்னிடம், "சார், புள்ளி விழும், பார்ட்டிக்குப் பிடிக்காது" என்பான். விழட்டும் என்று சொல். நூறு போட்டு வழவழவென்று எடுக்கிற கருப்பில் யாரும் இருக்க மாட்டார்கள். புள்ளிக்குள்ளே ஆள் இருக்கும். தேடினால் கிடைக்கும்.

தாலி கட்டும்போது நீ கழுத்தைத் திருப்பி என்னைத் தேடாதே. அந்த நேரம் அந்தப் பெண்ணுக்குச் சொந்தம், அவள் முகத்தைப் பார். மூன்று முடிச்சில் இரண்டை நாத்தனார் போடுவாள், உன் கை நடுங்கினால் ஒருவருக்கும் தெரியாது, என் கல்யாணத்தில் எனக்கு நடுங்கவே இல்லை. நடுங்கியது. உன் சித்தி சிரித்துவிட்டாள். கல்யாணமெல்லாம் முடிந்து, பிரிண்ட் வந்து, ஒரு நாள் நீயும் அவளும் மட்டும் வீட்டில் இருக்கும்போது, அந்த ஒரு படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். இடது பக்கத்துத் தூண் வரிசை. நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன். இருட்டில் வெள்ளை கொஞ்சமாவது ஏறும்.

உன் சித்தப்பா